நன்னூலின் ஆசிரியர் இலக்கணமும் ஆசிரியரை மதிப்பிடும் பிரச்சினையும்

1

நல்லாசிரியர் யார், அவரை எவ்வாறு இனங்காண்பது என்னும் வினா அண்மைக்காலக் கல்வியியலாளர் கண்டெடுத்ததன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் சீயகங்கன் என்னும் சிற்றரசனின் வேண்டுகோளுக்கிணங்கப் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், எழுத்திலக்கணத்துட் புகுமுன்னரே இவ்வினாவை எழுப்பி விடையுங் கூறிவிடுகின்றது. நூல், ஆசிரியன், பாடஞ் சொல்லல், மாணாக்கன், பாடங் கேட்டல் என ஐந்து பொருள்களை எடுத்துக்கொள்ளும் அந்நூலின் பொதுப்பாயிரம், கற்பித்தல் பற்றித் தமிழில் எமக்குக் கிடைக்கும் சிந்தனைகளுள் ஒழுங்குபட அமைந்த ஒன்று எனலாம். ஆறுமுக நாவலர் இந்நூலின் விருத்தியுரையை 1851 இற் பதிப்பித்தும், காண்டிகையுரை எழுதியும் உதவியமையால் ஈழத்துத் தமிழ்க் கல்வியில் அது ஆழ வேரூன்றியது.

எனினும், இப்பகுதி எம்மிடையே பெரும்பாலும் இருவகையாகவே கையாளப்பட்டு வந்துள்ளது. ஒரு சாரார் ஆசிரியர் தின உரைகளிலும் மணிவிழா மலர்களிலும் புகழுரைக்கு வேண்டிய தொடர்களை இதிலிருந்து எடுத்துக்கொள்வர். மற்றொரு சாரார் நிலமானிய காலத்துக் குருகுலக் கல்வியின் எச்சமென இதனை ஒதுக்குவர். முதலாமவர் வாசித்ததை விமர்சிப்பதில்லை. இரண்டாமவர் வாசியாமலே விமர்சிக்கின்றனர். இவ்விரு நோக்கும் எமக்கு உடன்பாடன்று. நன்னூலின் ஆசிரியர் இலக்கணத்தை அதன் காலச் சூழலில் வைத்து நோக்கி, அதன்பின் கடந்த ஒன்றரை நூற்றாண்டுக் காலத்தில் ஆசிரியரை அளப்பதற்கு மேற்கொள்ளப்பட்ட முயற்சிகளோடு அதனை உரசிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நாம் நிறுவ விழைவது இதுவே: ஆசிரியரிடம் வந்து சேரும் மாணவர் யார் என்பதை மறைத்துவிட்டு அவரை அளக்கும் எந்த முறையும் கற்பித்தலை அளப்பதாகாது. அது சமூக ஏற்றத்தாழ்வை அளந்து அதற்கு ஆசிரியரின் பெயரைச் சூட்டுவதாகவே முடியும்.

2

நன்னூல் கூறும் நல்லாசிரியனின் இயல்புகளை இருவகைப்படுத்தலாம். குலன், அருள், தெய்வங்கொள்கை, மேன்மை என்பன ஒருவகை. கலைகளிற் பயின்ற தெளிவு, எடுத்துரைக்கும் ஆற்றல், உலகியலறிவு என்பன மற்றொரு வகை. குலன் என்பது உயர்குடிப் பிறப்பு என்றே உரைகாரராற் கொள்ளப்படும். கற்பிக்கும் உரிமை பிறப்போடு பிணைக்கப்பட்டிருந்த ஒரு சமூகத்தின் குரல் இது என்பதில் ஐயமில்லை. அது பட்டியலின் முதலாவதாக நிற்பதும் தற்செயலன்று. இதனை மூடிமறைத்து நன்னூலைப் போற்றுவது நேர்மையாகாது.

ஆனால் அதே நூல் உவமைகளுக்கு வரும்போது பேச்சின் தன்மை மாறிவிடுகின்றது. நிலம், மலை, நிறைகோல், மலர் என்னும் நான்கும் நல்லாசிரியனுக்கு உவமைகளாகின்றன. நிலத்தைப் பற்றிக் கூறுமிடத்து, அதன் பெருமையும் பொறையும் மட்டுமன்றி, பருவத்திற் செய்யப்படும் முயற்சியின் அளவுக்கேற்பப் பயன்தரும் இயல்பும் சுட்டப்படுகின்றது. விளைவு நிலத்தினாலும் உழவினாலும் பருவத்தினாலும் உண்டாவது என்னும் உழவர் அறிவு இங்கே கற்பித்தலுக்கு ஏற்றப்பட்டுள்ளமை நோக்கற்பாலது. மழையற்ற காலத்தும் வளந்தருவது மலை. ஐயமறப் பொருளின் அளவை உணர்த்துவதும் எப்பக்கமும் சாயாது நிற்பதும் நிறைகோல். யாவரும் விரும்பி ஏற்க முகம் மலர்வது மலர்.

இவற்றினும் கூர்மையானவை ஆசிரியராகத் தகாதாரைப் பற்றிய உவமைகளாகும். கழற்குடம், மடற்பனை, பருத்திக்குண்டிகை, முடத்தெங்கு என நான்கு கூறப்படுகின்றன. கழற்சிக்காய்களை ஒவ்வொன்றாக இட்டு நிரப்பிய குடத்தைக் கவிழ்த்தால், இட்ட ஒழுங்கின்றி எல்லாம் ஒருங்கே கொட்டும். மடல் சூழ்ந்த பனை தானாகக் காயை உதிர்த்தாலன்றி, அணுகி ஏறிப் பறிப்பதற்கு இடங்கொடாது. பஞ்சு அடைத்த குண்டிகையில் அடைப்பதும் அரிது, எடுப்பதும் அரிது. வளைந்த தென்னையோ நீர் வார்த்தவனின் வளவில் நின்று அயலவனின் வளவிற் காய்களை வீழ்த்தும்.

இந்நான்கு உவமைகளிலும் ஒரு பொதுமை உண்டு. குடம் நிறைந்திருக்கின்றது. பனை காய்த்திருக்கின்றது. குண்டிகையிற் பஞ்சு இருக்கின்றது. தென்னையுங் காய்க்கின்றது. வெறுமையாக இருப்பது எதுவுமில்லை. ஆகவே இவ்வுவமைகள் குறிக்கும் ஆசிரியன் அறியாதவன் அல்லன். அறிந்ததை மாணாக்கனிடம் கொண்டுசேர்க்க இயலாதவன். பாட அறிவு வேறு, அதனைக் கற்பிக்கத்தக்கதாக மாற்றும் அறிவு வேறு என்னும் இக்கருத்தை அமெரிக்கக் கல்வியியலாளர் லீ ஷூல்மன் 1986 இல் விரித்துரைத்தபோது அது ஆசிரியர் கல்வி ஆய்வில் ஒரு திருப்பமாகக் கருதப்பட்டது. இக்கருத்து முழுவதும் நன்னூலில் உண்டு என்று நாம் கூறவரவில்லை. பிரச்சினையின் இருப்பிடத்தை நன்னூல் சரியாகச் சுட்டியுள்ளது என்பதே எமது கருத்து.

மேலும், இந்நான்கும் வகுப்பறையின் பின்வாங்கில் அமர்ந்து அவதானிக்கக்கூடிய குறைகளாகும். பாடம் ஒழுங்குபட வருகின்றதா? மாணவரின் வினாவுக்கு இடம் இருக்கின்றதா? அரிதிற் கற்றதை எளிதில் எடுத்துத்தர முடிகின்றதா? உழைப்பின் பயன் உரியவரைச் சேர்கின்றதா? இறுதி வினா எமது காலத்தில் தனிப்பொருள் பெறுகின்றது. பாடசாலையில் வேரூன்றித் தனியார் வகுப்புகளிற் காய்க்கும் முடத்தெங்குகள் எம்மிடையே அருமையாக இல்லை. அவ்வளைவுக்கு ஆசிரியரின் பேராசை மட்டுமே காரணமன்று. வாழ்க்கைச் செலவுக்கு ஈடுகொடுக்காத சம்பளமும் மரத்தை வளைக்கும் காற்றாகும். ஆயினும் நீர் வார்த்தவர் யார் என்னும் கேள்வியிலிருந்து நாம் தப்பமுடியாது. இலவசக் கல்வியின் செலவைச் சுமப்பது பொதுமக்களின் வரிப்பணமே.

3

பொதுப்பாயிரத்தின் இறுதிப் பகுதியாகிய பாடங் கேட்டலின் வரலாற்றில், இதுவரை போதிய கவனம் பெறாத ஒரு கணக்கு உண்டு. ஆசிரியன் உரைத்ததை மாணாக்கன் நன்கு ஏற்றுக்கொண்டாலும் அவன் பெறுவது புலமையிற் காற்கூறே. உடன்பயில்வோரோடு பழகிப் பெறுவது இன்னொரு காற்கூறு. எஞ்சிய அரைக்கூறு தான் பிறர்க்கு எடுத்துரைப்பதனாற் கிடைப்பது. இப்பங்கீட்டைக் கணித உண்மையாகக் கொள்ளவேண்டியதில்லை. ஆனால் ஆசிரியனை நிலமென்றும் மலையென்றும் உயர்த்திய அதே நூல், அவனது பங்கு காற்பங்கே என வரையறுப்பது சிந்தித்தற்குரியது.

இதிலிருந்து பெறத்தக்க கருத்துகள் இரண்டு. கல்வி கூட்டுச் செயல் என்பது ஒன்று. மாணவனின் புலமையைப் பார்த்து ஆசிரியரை அளக்க முயல்வோர், பிறர்க்குரிய முக்காற் கூறையும் ஆசிரியரின் கணக்கில் வரவு வைக்கின்றனர் அல்லது பற்று எழுதுகின்றனர் என்பது மற்றொன்று. மேலும், உடன்பயில்வோரோடு பழகவும் பிறர்க்கு எடுத்துரைக்கவும் தன் வகுப்பில் வாய்ப்பளிக்கும் ஆசிரியர், தமது காற்கூற்றுக்கு அப்பாலும் விளைவை உண்டாக்குகின்றார். தாமே ஓயாது பேசும் ஆசிரியர் அக்காற்கூற்றோடு நின்றுவிடுகின்றார். நல்லாசிரியரை அறிய அவரது நாவை மட்டும் கவனித்தாற் போதாது, அவர் வகுப்பில் மாணவர் பேசுவதையும் கவனிக்கவேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

4

இனி, நன்னூலின் கோட்பாட்டிலுள்ள அடிப்படைக் குறைபாட்டை நோக்குவோம். யாருக்கு நூல் கற்பிக்கலாம் என்பதற்கு அது தரும் பட்டியலில் ஆசிரியனின் மகன், அவனுக்குக் கற்பித்த ஆசானின் மகன், அரசனின் மகன், பொருளை மிகுதியாகக் கொடுப்பவன், வழிபடுபவன், உரைத்ததை விரைந்து கொள்பவன் ஆகியோர் இடம்பெறுகின்றனர். குருதியுறவும் அதிகாரமும் செல்வமும் பணிவும் கூர்மதியும் உள்ளோர்க்குக் கதவு திறக்கின்றது. கற்பிக்கத் தகாதோர் பட்டியலிலோ மந்த அறிவினன், நோயாளி, உறங்குபவன் முதலியோர் கள்வனோடும் பாவியோடும் ஒருங்கு நிறுத்தப்படுகின்றனர்.

அரசவையையும் மடத்தையும் சார்ந்து நின்ற கல்விக்கு இக்கதவு இயல்பானதாக இருந்திருக்கலாம். எமக்கு முக்கியமானது, இக்கதவு மதிப்பீட்டின்மீது ஏற்படுத்தும் விளைவாகும். தெரிந்தெடுக்கப்பட்டோரையே கற்பிக்கும் ஆசிரியனின் திறமையை அவன் மாணாக்கரின் புலமை காட்டாது. வாயிலில் நடந்த தெரிவையே அது காட்டும். மாணாக்கரை அன்னம், பசு, மண், கிளி, ஓட்டைக்குடம், ஆடு, எருமை, நெய்யரி எனத் தரம்பிரிக்கும் நூற்பாவும் இவ்வகையில் நோக்கத்தக்கது. பாலையும் நீரையும் பிரிக்கும் அன்னத்திற்குக் கற்பிப்பதில் ஆசிரியனின் திறன் புலப்படுவது அரிது. ஓட்டைக்குடத்தின் ஓட்டை எங்கே இருக்கின்றது எனத் தேடி அடைக்க முயல்பவனிடமே அது புலப்படும். நன்னூலோ ஓட்டையைக் குடத்தின் பிறவிக் குணமாகக் கொண்டு கடைநிலையில் வைத்துவிடுகின்றது.

மாறுபட்ட ஒரு வித்தும் அந்நூலிலேயே உண்டு என்பதையும் கூறவேண்டும். பாடஞ் சொல்லும் முறையைக் கூறுமிடத்து, விரையாமலும் வெகுளாமலும், ஏற்பவன் எவ்வகையில் ஏற்கவல்லான் என்பதை அறிந்து அதற்கியையக் கற்பிக்கவேண்டும் என்கிறது. இவ்விதியை அதன் எல்லைவரை கொண்டுசென்றால், தகாதோர் பட்டியலுக்கு இடமில்லாமற் போகும். உறங்குபவன் ஏன் உறங்குகின்றான் என ஆசிரியர் வினவவேண்டி வரும். காலையில் உண்ணாது, நெடுந்தூரம் நடந்து வந்த பிள்ளை பத்து மணிக்கு மேசையிற் தலைசாய்ப்பது அதன் குணக்கேடன்று.

கதவு திறக்கப்பட்டது வரலாற்றில் மிக அண்மையிலேயே. சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் 1945 இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி, இலங்கையில் அதனைச் சட்டபூர்வமாகத் திறந்தது. அப்போதும் மலையகத் தோட்டப் பாடசாலைகள் பெரும்பாலும் வாயிலுக்கு வெளியே நின்றன. ஒரே அறையில் ஒரே ஆசிரியர் எல்லா வகுப்புகளையும் நடத்திய அப்பாடசாலைகளை அரசு பெருமளவிற் பொறுப்பேற்றது 1970 களிலும் அதன் பின்னருமே. எல்லோரும் உள்ளே வந்த பின்னர்தான் விளைதிறன்மிக்க ஆசிரியர் யார் என்னும் வினா உண்மையான வினாவாகின்றது.

5

வெகுசனக் கல்வி தோன்றியதும் அதற்குச் செலவிட்ட அரசுகள், பணத்துக்கேற்ற பயன் கிடைக்கின்றதா என அறிய முற்பட்டன. இதன் செவ்விய உதாரணம் இங்கிலாந்தில் 1862 இல் றொபேட் லோ நடைமுறைப்படுத்திய திருத்திய கல்விக் கோவையாகும். பெறுபேற்றுக்கேற்ற கொடுப்பனவு என அம்முறை பெயர்பெற்றது. பிள்ளையொன்றின் சராசரி வரவுக்கு 4 சிலிங்கும், பரீட்சைக்கு 8 சிலிங்கும் பாடசாலைக்கு வழங்கப்படும். வாசிப்பு, எழுத்து, எண் ஆகிய மூன்றிலும் பிள்ளை தவறும் ஒவ்வொன்றுக்கும் 2 சிலிங் 8 பென்ஸ் வெட்டப்படும். வித்தியாதரிசி வரும் நாளே ஆண்டின் அறுவடை நாளாயிற்று.

இம்முறையைக் கடுமையாக எதிர்த்தவர்களுள் ஒருவர், ஆங்கில இலக்கிய விமர்சனத்தின் மூலவர்களுள் ஒருவராக நாம் அறிந்த மத்தியூ ஆர்னோல்ட் ஆவார். 1851 முதல் 1886 வரை வித்தியாதரிசியாகத் தொழில் செய்த அவர், உண்மையில் வாசிக்கவோ எழுதவோ கணக்கிடவோ அறியாத பிள்ளைகளையும் சாமர்த்தியமான தயாரிப்பினால் இப்பரீட்சையிற் சித்தியடையச் செய்யலாம் என்பதைத் தமது அறிக்கைகளில் எடுத்துக்காட்டினார். பிள்ளைகள் வாசிப்புப் புத்தகத்தை மனனஞ் செய்தனர். கொடுப்பனவு கிடையாத பாடங்கள் நலிந்தன. அளவுகோல், தான் அளக்கவந்த பொருளையே உருமாற்றிவிட்டது. இங்கிலாந்து 1890 களில் இம்முறையைப் படிப்படியாகக் கைவிட்டது.

இது எமக்கு அயல்நாட்டுக் கதையன்று. இலங்கையில் 1869 இற் பொதுப் போதனைத் திணைக்களம் நிறுவப்பட்டதைத் தொடர்ந்து, பெரும்பாலும் மிசனரிமாரால் நடத்தப்பட்ட உதவி நன்கொடைப் பாடசாலைகளுக்கு இம்முறையே புகுத்தப்பட்டது. குடியேற்ற ஆட்சியின் கணக்குப் புத்தகத்தில் மாணவனின் சித்தி ஒரு வரவினமாயிற்று. அதன் சட்டவடிவம் மறைந்து நெடுங்காலமாகியும் அதன் மனப்பாங்கு மறையவில்லை. ஐந்தாந்தரப் புலமைப்பரிசிற் பரீட்சையில் வெட்டுப்புள்ளிக்கு மேல் எத்தனை பேர் என்னும் ஒரே எண்ணால் ஓர் ஆசிரியரின் ஆண்டு முழுவதும் எடைபோடப்படுவதை நாம் கண்டுவருகின்றோம். வெட்டுப்புள்ளிக்கு மிக அருகிலுள்ள சில பிள்ளைகள்மீது பாடசாலையின் முழுக்கவனமும் குவிவதும், எழுத்தறியாது நான்காந்தரத்தை எட்டிய பிள்ளை இடாப்பில் ஒரு பெயராக மட்டும் எஞ்சுவதும் இவ்வெண்ணின் நேரடி விளைவுகளாகும். அப்பிள்ளையை ஓராண்டில் வாசிக்க வைத்த ஆசிரியரின் சாதனைக்கு இக்கணக்கிற் பெறுமதி பூச்சியமே.

6

மேற்கூறிய அநீதியை உணர்ந்த புள்ளிவிபரவியலாளர் நுட்பமான ஒரு முறையை முன்வைத்தனர். இறுதிப் புள்ளியைப் பாராது, மாணவனின் முந்திய புள்ளிகளிலிருந்து எதிர்பார்க்கத்தக்க அளவைக் கணித்து, அதற்கு மேலோ கீழோ அவன் பெற்றதை ஆசிரியரின் பங்காகக் கொள்வதே அம்முறை. அமெரிக்காவின் ரெனசி மாநிலம் வேளாண்மைத் துறைப் புள்ளிவிபரவியலாளரான வில்லியம் சாண்டர்சின் இம்முறையை 1990 களிற் சட்டபூர்வமாக ஏற்றது. 2009 இற்குப் பின்னர் சமஷ்டி அரசின் ஊக்குவிப்பால் அது பல மாநிலங்களிலும் பரவியது. 2010 இல் லொஸ் ஏஞ்சல்ஸ் ரைம்ஸ் பத்திரிகை ஏறத்தாழ 6,000 ஆரம்பப் பாடசாலை ஆசிரியர்களின் தரங்களைப் பெயர்களோடு பகிரங்கப்படுத்தியது.

கூட்டிய பெறுமதியைக் காணும் இம்முறை, தொடக்க நிலையைக் கவனத்திற் கொள்கின்றதாகையால், பெறுபேற்றுக்கேற்ற கொடுப்பனவினும் நியாயமானதே. ராஜ் செட்டி, ஜோன் பிரீட்மன், ஜோனா றொக்கோவ் ஆகிய பொருளியலாளர் 2014 இல் வெளியிட்ட விரிவான ஆய்வு, இவ்வகையில் உயர்ந்த பெறுமதி பெற்ற ஆசிரியர்களிடம் பயின்றோர் பிற்காலத்திற் கல்லூரிக்குச் செல்வதும் கூடிய வருவாய் ஈட்டுவதும் அதிகம் எனக் காட்டியது. ஆசிரியரால் எதுவும் ஆவதில்லை, எல்லாம் வர்க்கப் பின்னணியே என வாதிடும் எமது முற்போக்கு நண்பர்கள் இம்முடிவை எளிதில் ஒதுக்கிவிட இயலாது. ஆசிரியரின் பங்கு உண்மையானது.

ஆனால் ஆசிரியர் பலரின் விளைவு உண்டு என நிறுவுவது வேறு. இந்த ஆசிரியரின் விளைவு இவ்வளவு எனத் தீர்ப்பளிப்பது வேறு. ஜெஸி றொத்ஸ்ரைன் 2010 இல் வெளியிட்ட ஆய்வு வட கரோலைனா மாநிலத் தரவுகளைக் கொண்டு ஒரு விந்தையை எடுத்துக்காட்டியது. வழக்கிலிருந்த கணிப்பு முறைகளின்படி, ஐந்தாந்தர ஆசிரியர்கள் அதே பிள்ளைகளின் நான்காந்தர முன்னேற்றத்தின்மீதும் செல்வாக்குச் செலுத்தியதாகத் தோன்றியது. நாளை வரும் ஆசிரியர் நேற்றைய கல்வியை மாற்றவியலாது. பிள்ளைகள் வகுப்புகளுக்குப் பிரிக்கப்படும் முறையே ஆசிரியரின் பெயரில் எண்ணாக வெளிப்படுகின்றது என்பதே இதன் பொருள். நன்னூலின் வாயிற்கதவு இங்கே புள்ளிவிபரத்துள் மறைந்து நிற்கின்றது.

அமெரிக்கப் புள்ளிவிபரவியற் கழகம் 2014 இல் வெளியிட்ட அறிக்கை, மாணவரின் பரீட்சைப் புள்ளிகளிடையே காணப்படும் வேறுபாட்டில் ஆசிரியர்க்குரிய பங்கு பெரும்பாலான ஆய்வுகளின்படி 1 முதல் 14 சதவீதம் வரையே எனக் கூறி, முன்னேற்றத்துக்கான வாய்ப்புகளிற் பெரும்பகுதி கல்வி அமைப்பின் நிலைமைகளிலேயே உள்ளது எனச் சுட்டியது. இவ்வெண்ணையும் நன்னூலின் காற்கூற்றையும் ஒன்றாக வைத்து மகிழ்தல் தவறு. ஒன்று தனி மாணவனின் புலமையிற் பங்கு. மற்றது மாணவரிடையேயான வேறுபாட்டிற் பங்கு. ஆயினும் முழுப் பொறுப்பையும் ஆசிரியர்மேற் சுமத்தலாகாது என்பதில் இரண்டும் ஒருமித்து நிற்கின்றன.

2017 இல் ஹியூஸ்ரன் நகர ஆசிரியர் சங்கம் தொடுத்த வழக்கில், தமக்கு வழங்கப்பட்ட புள்ளி எவ்வாறு கணிக்கப்பட்டது என ஆசிரியர் சரிபார்க்க இயலாதிருந்தமையைக் கருத்திற்கொண்ட சமஷ்டி நீதிமன்றம், சட்டமுறை நீதி மறுக்கப்பட்டதென்னும் வாதத்தை விசாரணைக்கு அனுமதித்தது. தன்னை நிறுக்கும் தராசைத் தொழிலாளி பார்க்கக்கூடாதென்னும் நியதி கொழுந்து நிறுக்கும் இடத்தில் மட்டுமன்றி வகுப்பறையிலும் அநீதியே.

7

மாணவரையே கேட்டறியலாம் என்பது மற்றொரு முறை. இன்று எமது பல்கலைக்கழகங்களில் மாணவர் பின்னூட்டப் படிவங்கள் தர உறுதிப்பாட்டு நடைமுறைகளின் ஓர் அங்கமாகியுள்ளன. கற்போரின் குரலுக்கு இடமளிக்கும் அளவில் இது ஜனநாயகபூர்வமானதே. வழிபடுவோனுக்கே நூல் என்ற மரபிலிருந்து இது பெரியதொரு முன்னேற்றமாகும்.

எனினும் அப்படிவம் எதனை அளக்கின்றது? 1970 இல் அமெரிக்காவில் ஒரு நடிகரைக் கலாநிதி பொக்ஸ் என்னும் பெயரில் நிபுணராக அறிமுகஞ் செய்து, முன்பின் முரணான வெற்றுரையொன்றை நிகழ்த்தச் செய்தபோது, கல்வித் துறை சார்ந்த கேட்போரும் அவரைச் சாதகமாகவே மதிப்பிட்டனர். மலரின் முகமலர்வு இருந்தது, நிறைகோல் இருக்கவில்லை. இதனினும் பாரதூரமானது, ஸ்கொற் கரெல், ஜேம்ஸ் வெஸ்ற் ஆகியோர் அமெரிக்க விமானப்படைக் கல்லூரியில் நடத்தி 2010 இல் வெளியிட்ட ஆய்வு. மாணவர் குலுக்கல் முறையில் ஆசிரியர்களிடம் ஒப்படைக்கப்படுவதால் அங்கே வாயிற்கதவின் சிக்கல் இல்லை. நடப்புப் பாடத்தில் மாணவரின் புள்ளியை உயர்த்திய ஆசிரியர்கள் நல்ல மதிப்பீட்டைப் பெற்றனர். ஆனால் அவர்களிடம் பயின்றோர் அடுத்துவந்த மேற்பாடங்களிற் பின்தங்கினர். ஆழமாகக் கற்பித்தோரிடம் பயின்றோர் பின்னரே சிறந்தனர். நிலத்தின் விளைவைப் பருவம் முடியுமுன் மதிப்பிட்டால் இவ்வாறே நேரும்.

8

அவ்வாறாயின் மதிப்பீடே வேண்டாவா எனின், வேண்டும் என்பதே எமது விடை. மதிப்பிடப்படாத ஆசிரியரால் முதலிற் பாதிக்கப்படுவது பணம் கொடுத்து வேறிடத்திற் கற்க வழியற்ற பிள்ளையே. ஆசிரியர் உரிமையின் பெயரால் எவ்வகை அவதானிப்பையும் மறுப்பது முற்போக்காகாது.

எத்தகைய மதிப்பீடு என்பதே கேள்வி. பிள்ளை வகுப்புக்கு வந்தபோது எங்கே நின்றது என்னும் பதிவு இல்லாமல் எந்தப் பெறுபேறும் ஆசிரியரின் கணக்கில் எழுதப்படலாகாது. அப்பதிவும், மேலும் கீழுமாக ஊசலாடும் ஓராண்டுப் புள்ளிகளாகவன்றி, ஆசிரியரே பேணும் வாசிப்பு, எழுத்துப் பதிவுகளாகவும் மாணவரின் கொப்பிகளாகவும் இருத்தல் நன்று. ஆசிரியரை மதிப்பிடும் அதே தாளில் வகுப்பின் பருமன், தளபாடம், நூல், பிள்ளைகளின் வரவு ஆகியனவும் மதிப்பிடப்பட்டு, அவற்றுக்குப் பொறுப்பான உத்தியோகத்தர் அதிலே கையொப்பமிடவேண்டும். பொறுப்புக் கூறுதல் கீழ்நோக்கி மட்டும் பாயலாகாது.

கற்பித்தலைக் காணும் கண்கள் அத்தொழிலைச் செய்வோரின் கண்களாக இருக்கவேண்டும். ஜப்பானிய ஆரம்பப் பாடசாலைகளில் நெடுங்காலமாக வழங்கும் பாட ஆய்வு முறை இங்கே எமக்கு வழிகாட்டத்தக்கது. ஆசிரியர் சிலர் கூடி ஒரு பாடத்தைத் திட்டமிடுகின்றனர். ஒருவர் கற்பிக்க மற்றையோர் மாணவரை அவதானிக்கின்றனர். பின்னர் கூடிப் பேசிப் பாடத்தைத் திருத்துகின்றனர். அங்கே மதிப்பிடப்படுவது ஆளன்று, பாடம். கழற்குடத்தின் ஒழுங்கின்மையும் மடற்பனையின் அணுகவியலாமையும் அத்தகைய அவையில் அச்சமின்றிப் பேசப்படலாம். சம்பளமும் இடமாற்றமும் அதே கூட்டத்தில் தீர்மானிக்கப்படுமாயின் ஒருவரும் உண்மை பேசார். திருத்துவதற்கான மதிப்பீடும் தண்டிப்பதற்கான விசாரணையும் வெவ்வேறு அறைகளில் நடைபெறவேண்டும்.

பவணந்தி முனிவர் காலத்துக் கல்வி அன்னத்தையும் பசுவையும் முதன்மைப்படுத்தியது. எமது பரீட்சைக் கல்வியும் வேறு பெயர்களில் அவற்றையே தேடுகின்றது. நன்னூலின் நான்கு குறைகளையும் காற்கூற்றுக் கணக்கையும் நாம் ஏற்றுக்கொள்ளலாம். குலனையும் வாயிற்கதவையும் கைவிடவேண்டும். நன்னூல் கடைநிலையில் வைத்த ஓட்டைக்குடமும், வெளியே நிறுத்திய மந்தனும் பிணியனும் உறங்குபவனும் ஓராண்டின் முடிவில் எங்கே நிற்கின்றனர் என்பதே ஆசிரியரை அறியும் முதலாவது அளவுகோலாக வேண்டும். அவர்கள் அவ்விடத்தை அடைய ஆசிரியருக்குச் சமூகம் எதனைக் கொடுத்தது என்பது அதனோடு பிரிக்கவொண்ணாத இரண்டாவது அளவுகோலாகும்.